வெற்றோட்டம்

முகமாலையில் ஏழு வருஷம்
முழங்காலில் நின்று நெருஞ்சியைத் திட்டியிருக்கிறேன்.
முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கும்.
கருவி கத்தும்.
தடித்த உறையையும் தாண்டி முள் ஏறும்.

இப்போது அதையே சாக்கில் கட்டி
சைக்கிளில் அறிவியல்நகருக்குக் கொண்டுவருகிறேன்.
கழுத்தில் ஓர் அட்டை:
ஆய்வுகூட உதவியாளர்.

காயை உலர்த்தி இடித்து
அமிலத்தில் காய்ச்சிச் சீனியைக் கழற்றி
மெதனோலில் ஊறவிட்டால்
தேநீர் நிறத்தில் ஒரு சந்தைக்கூட்டம்.
பச்சையம், மெழுகு, துவர்ப்பு,
பெயர் தெரியாத இருநூறு.
அதற்குள் நாலு வளையமும் வாலில் இரண்டுமாய் ஒன்று.
மதுராங்கி மிஸ்ஸுக்கு அதுமட்டும் வேண்டும்.
டயோஸ்ஜெனின்.
எனக்கது கொழும்பில் படிக்கும்
யாரோ பெட்டையின் பெயர் மாதிரி.

கருவிக்கு இந்த வேலை தெரியாது.
ஆணிக்குக் கத்தும், மீன்ரின் மூடிக்குக் கத்தும்,
சன்னக் கோதுக்கு, ஒருநாள்
தையல் மெஷினின் பாதத்துக்கு.
எண்ணூறு கத்தலில் ஒன்று மிதிவெடி.
ஆனாலும் எண்ணூறு தரமும்
ஒரே மாதிரித்தான் மூச்சைப் பிடிக்கவேண்டும்.

இங்கே வேறு முறை.
இரும்பு ஒக்சைட், போத்தலில் கறுப்பு மை போல.
ஒவ்வொரு துகளிலும் அந்த மூலக்கூறை இருத்தி
சுற்றிவரப் பிளாஸ்டிக்கை வளர்க்கவேண்டும்.
நைதரசன் ஓடவேண்டும், அறுபது பாகை, ஓர் இரவு முழுக்க.
மூன்று இரவும் கரண்ட் போனது.
நாலாம் இரவு ஜெனரேற்றருக்குப் பக்கத்தில்
நானே பாய் விரித்தேன்.

இறுகியதும், உள்ளே இருப்பதைக் கழுவி எடுப்பது.
அப்போதுதான் குழி மிஞ்சும்,
அதன் தோளளவு, அதன் இடுப்பளவு.
வேறொன்று வந்து குந்தினால் பொருந்தாது.
மூன்று பகல் சொட்டியது மெதனோலும் புளிப்பும்.

பிறகு சாற்றில் கலக்கி
போத்தலின் சுவரில் காந்தத்தை வைத்தோம்.
கறுப்பு முழுக்க ஒருபக்கம் ஒதுங்கியது.
வாழ்க்கையில் முதல்தரம்
இரும்பு தானாக என்னிடம் வந்தது.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
மிஸ் கதிரையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.
நிமலரூபன் கொத்துறொட்டி வாங்க ஓடினான்.

"ஒண்டும் போடாமல் ஒருக்கா ஓட்டிப்பாருங்கோ"
என்றேன்.
அங்கே ஒரு துண்டு நிலத்தைத்
துப்பரவு என்று எழுதுமுன்
இன்னொருத்தி வந்து முதலிலிருந்து தட்டுவாள்.
எத்தனை கெட்டிக்காரி என்றாலும்
தன் துண்டைத் தானே முடித்துவைக்க முடியாது.

வெறும் மெதனோல். நெருஞ்சி இல்லை.
பதினோராம் நிமிஷம்
திரையில் ஒரு மேடு எழும்பியது.
சின்னது.
அதே இடம்.

கழுவியது போகவில்லை.
எங்கோ ஆழத்தில் இன்னும் குந்தியிருந்து
கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிகிறது.
பிடித்தோம் என்று எழுதியதில்
எவ்வளவு நாங்களே வைத்தது?

மிஸ் கனநேரம் கதைக்கவில்லை.
கொத்து ஆறி எண்ணெய் படிந்தது.
பிறகு வெண்பலகையில் அதே ஆறு வளையத்தைக் கீறி
ஓர் ஒட்சிசனை அழித்து
அந்த இடத்தில் நைதரசனை எழுதினார்.
சோலசோடின்.
ஒன்றுவிட்ட சகோதரம்.
நெருஞ்சியில் இல்லாதது.
"அச்சுக்கு இதை வைப்பம்.
குழி கிட்டத்தட்ட அதே குழி.
இது கசிந்தால் வேறு நிமிஷத்தில எழும்பும்."

பொய் தன் பெயரோடு வரட்டும் என்கிறார்.
எனக்கு விளங்கியது.

"இது எதில் இருக்கு மிஸ்?"
"கண்டங்கத்தரியில."

அதுவும் முள்ளு.

கொப்பியில் தொண்ணூற்றாறை நான் வெட்டவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
வெற்றோட்டம் ஒன்று. மேடு உண்டு.
திகதி, கையெழுத்து.
செருப்பைக் கழற்றி அடியில் ஏறியிருந்ததை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன். பதினேழு.
நிமலரூபன் அதையும்
தராசில் போடச் சொன்னான்.